நாற்பத்தொரு கிலோ அதிகம்

அத்தியாயம் ஐந்து

ஒரு பொருள் காணாமல் போனால் எங்களைக் கூப்பிடுவார்கள். நகை போகும், நாய் போகும், ஒரு தடவை தாலி கட்டுகிற நேரத்தில் மாப்பிள்ளையே போனார். எல்லாவற்றையும் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறோம். ஆனால் இந்த ஓரகடம் கேஸில் எதுவும் காணாமல் போகவில்லை. நாற்பத்தொரு கிலோ கூடிப்போயிருந்தது. அது எங்கேயிருந்து வந்தது என்று கேட்டு மூன்று நாளாக எங்கள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

'எங்கள்' என்றால் இரண்டே பேர்தான். துப்பறியும் நிபுணர் வனமாமலை, சொந்த ஊர் நாங்குநேரி, வயது ஐம்பத்தைந்து, மீசைக்காகவே உயிர் வாழ்கிறவர். நான் செந்தாமரை, பிள்ளைப்பாக்கத்துக்காரி, அவருடைய அசிஸ்டென்ட். இதற்கு முன்னால் பூந்தமல்லியில் பழைய கார் விற்கிற யார்டில் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். மனிதர்கள் எப்படியெல்லாம் பொய் சொல்வார்கள் என்று அங்கேதான் படித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. கத்திரி வெயிலில் ஷெட்டின் தகரக் கூரை சூடேறிக் கிடந்தது. காற்று அடித்தால் எடை தப்பாகக் காட்டும் என்று கதவுகளையெல்லாம் மூடிவிட்டார்கள். உள்ளே மூன்று தராசுகள் மேல் மூன்று சக்கரங்களை வைத்து நின்றது அந்தச் சின்ன ஜெட் விமானம். ஆறு பேர் உட்காரலாம். பெயர் மைனா. வெள்ளை வெளேரென்று அவ்வளவு அழகாக இருந்தது. அழகை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"ஆயிரத்து எண்ணூத்துத் தொண்ணூத்தொண்ணு," என்று படித்தான் இளம்பரிதி. இந்தக் கம்பெனியில் எடைக்குப் பொறுப்பான இன்ஜினீயர் அவன். வயது இருபத்தெட்டு. ஒரு திருகாணி விமானத்தில் ஏறினாலும் அதை எடை போட்டு நோட்டில் எழுதிய பிறகுதான் ஏற விடுவான். அவன் நோட்டின்படி விமானத்தின் எடை ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது.

"திரும்பப் போடு," என்றார் மஞ்சுளா.

"மேடம், இதோட நாலாவது தடவை."

"போடுன்னு சொன்னா போடு!"

போட்டார்கள். அதே எடைதான். மஞ்சுளா கையிலிருந்த பேனாவைத் தரையில் விட்டெறிந்தார். மைனா அவருடைய விமானம். ஒன்பது வருஷமாக இதைக் கட்டிக்கொண்டிருக்கிறார். கார் தொழிற்சாலைகளும் லாரிகளும் தவிர வேறெதுவும் தெரியாத இந்த வட்டாரத்தில், போயும் போயும் விமானம் செய்கிறேன் என்று வந்து உட்கார்ந்த பெண்மணி.

"உங்களுக்கு என் நிலைமை புரியுதா சார்?" என்று வனமாமலையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க வர்ற ஒவ்வொருத்தனும் கேக்கற மொத கேள்வி, இதுவரைக்கும் யார் வாங்கியிருக்காங்க? யாராவது ஒருத்தர் மொதல்ல வாங்கினாத்தானே நான் பதில் சொல்ல முடியும்? பேங்க்ல போனா ஆர்டரைக் காட்டுன்றாங்க. ஆர்டர் கேட்டா சர்ட்டிஃபிகேட்டைக் காட்டுன்றாங்க. சர்ட்டிஃபிகேட் வேணும்னா இன்னும் ரெண்டு விமானம் கட்டணும், அதுக்குப் பேங்க்குக்குப் போகணும். ஒன்பது வருஷமா இப்படியே சுத்தறேன். இப்பத்தான் கோயம்புத்தூர்லேர்ந்து ஒரு கம்பெனி, வாடகை விமானம் விடறவங்க, சரின்னு தலையாட்டினாங்க. நாலு விமானம். அவங்க வாங்கிட்டா அடுத்தவனும் வருவான்."

"அவங்க இன்னிக்கு வாராவளா?"

"சாயந்தரம் அஞ்சு மணிக்கு அவங்க தலைமை பைலட் வசந்தகுமார் வர்றார். அவர் கண்ணு முன்னால எடை போடணும். இருபது கிலோ கூடினா பொறுத்துப்பாங்க. அதுக்கு மேல ஒரு கிலோ கூடினாலும் ஒப்பந்தம் ரத்து. எடை கூடினா அந்த அளவுக்கு எரிபொருளைக் குறைக்கணும், டெல்லிக்கு நேராப் போக முடியாது. நடுவுல நாக்பூர்ல இறங்கி எண்ணெய் போடற ஜெட்டை எவன் சார் வாங்குவான்?"

விமானத்தை எத்தனை தடவை பிரித்துப் பார்த்தார்கள் என்று எனக்கே கணக்கு மறந்துவிட்டது. சீட்டைக் கழற்றினார்கள், தரையைக் கழற்றினார்கள், இறக்கைக்குள் விளக்கு விட்டுப் பார்த்தார்கள். ஒரு ஸ்பானர்கூட உள்ளே கிடக்கவில்லை. தராசை மாற்றினார்கள். புதுத் தராசும் அதையே சொன்னது.

மஞ்சுளா எங்களை ஓரமாக இழுத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு இளம்பரிதி மேலதான் சந்தேகம். போன மாசம் அவனுக்கு வேற கம்பெனியிலேர்ந்து இன்டர்வியூ வந்திருக்கு. நோட்டுல எடையைக் குறைச்சுக் குறைச்சு எழுதி என்னை ஏமாத்தியிருக்கான். ராஜினாமா எழுதச் சொல்லிட்டேன். அஞ்சு மணிக்குள்ள வேற பதில் வரலன்னா போலீஸுக்குப் போறேன். இது நம்ம மூணு பேரோட இருக்கட்டும்."

நான் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பையன் ஒவ்வொரு பக்கமாகத் தன் நோட்டைத் திருப்பி, விரலை வைத்துக் கூட்டிக்கொண்டிருந்தான். தப்பு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று அவனே நம்ப ஆரம்பித்துவிட்டான்.

எங்கள் நிபுணர் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? சட்டைப் பையிலிருந்து சின்னச் சீப்பை எடுத்து, மைனாவின் பளபளத்த வயிற்றில் முகத்தைப் பார்த்து மீசை வாரிக்கொண்டிருந்தார்.

"சார், இன்னா சார் பண்றீங்க? அந்தம்மா அழாத கொறையா நிக்குது."

"இரு தாமரை. இந்தப் பக்கம் லேசா நரைச்சிருக்கு பாரு." பிறகு ஷெட்டின் கோடிக்குப் போனார். அங்கே இதற்கு முன் கட்டி, சோதனைக்காகப் பறந்து திரும்பிய பழைய மைனா நின்றது. அதிலும் முகம் பார்த்தார், முகத்தைச் சுளித்தார். "சீ, இதுல என் மூஞ்சி பலாப்பழம் மாதிரில்லா தெரியுது."

"இருக்கறதத்தான் காட்டும்," என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. பசிக்கிறது என்று கேன்டீனுக்கு நடந்தார்.

கேன்டீனை நடத்துகிற சரோஜா அக்கா எங்கள் ஊர்ப் பக்கம்தான். என்னைப் பார்த்ததும் சாம்பார் கரண்டியை ஆட்டினாள்.

"இன்னாம்மா சிஐடி, கண்டுபுடிச்சிட்டியா?"

"எங்கக்கா. மூணு நாளா மண்டைய ஒடச்சிகினு கீறோம்."

"என் கேஸ மொதல்ல புடி. போன மாசம் பத்து நாளு என்னா அக்குறும்பு தெரியுமா? சாயந்தரம் அஞ்சு மணி டீக்கு எண்ணி முப்பது போண்டா போடுவேன். தெனம் ஒம்போது போண்டா பத்தல. ஆபீஸ் ஆளுங்க என்னாண்ட வந்து சண்ட போடறாங்கோ."

வனமாமலை சோற்றிலிருந்து தலையைத் தூக்கினார். "ஒம்போதா? தெனமும் ஒம்போதா?"

"ஆமா சார். மொத ஷிஃப்ட் ஆளுங்க. நாலு மணிக்கே பஸ் ஏறி வூட்டுக்குப் போயிருக்கணும். அஞ்சு மணிக்கு இங்க இன்னாடா வேலைன்னு கேட்டா சிரிச்சிகினே போண்டாவ எடுத்துகினு போறானுங்க."

"எந்த செக்ஷன் ஆளுவ?"

"அதெல்லாம் நான் இன்னாத்த கண்டேன்? எல்லாரும் ஒரே யூனிஃபாரம். மூஞ்சியில கர்ச்சீப்பு வேற கட்டிகினு வருவானுங்க."

நேராக ஆபீஸுக்குப் போய் வருகைப் பதிவைக் கேட்டோம். விரல் வைக்கிற மெஷின். போன மாசம் அந்தப் பத்து நாளில், முதல் ஷிஃப்டில் இருந்த ஒருத்தர் விடாமல் நாலு மணிக்கு விரல் வைத்து வெளியே போயிருந்தார்கள். அதாவது, மெஷினைப் பொறுத்தவரை போயிருந்தார்கள். ஒன்பது பேர் விரலை வைத்துவிட்டு உள்ளேயே இருந்திருக்கிறார்கள். ஓவர்டைம் ரிஜிஸ்டரைப் புரட்டினோம். பத்து நாளிலும் ஒரு பெயர் இல்லை.

எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறியது. "சார், மாட்டிக்கினாங்க! இந்த ஏரியாவுல பத்து நிமிஷம் எக்ஸ்ட்ரா நின்னாலே ஓ.டி. எழுதுடான்னு சூப்பர்வைசர் சட்டையப் புடிப்பான். மணிக்கணக்கா நின்னுட்டு ஓ.டி. வேணாம்னு சொல்றான்னா, வேற எவனோ படியளக்கறான்னுதானே அர்த்தம்? அந்த ஒம்போது பேரும் போட்டிக் கம்பெனியோட ஆளு. ஏதோ வச்சிட்டாங்க சார் விமானத்துல!"

"என்னத்த வச்சாவ? எங்கன வச்சாவ? பிரிச்சுப் பாத்தாச்சே."

"அது... அது நீங்க கண்டுபுடிக்கணும். நீங்கதானே நிபுணர்."

அவர் என்னை முறைத்தார். "முதல்ல பஸ்ஸப் பிடிப்போம். ஒம்போது பேரு நாலு மணி பஸ்ல ஏறலன்னா, அந்த டிரைவருக்குத் தெரியாம இருக்காது."

சொல்வது சுலபம். கம்பெனி பஸ் ஓட்டுகிற நாகப்பன் மத்தியான வேளையில் வல்லக்கோட்டை ரோட்டில் எங்கேயாவது மர நிழலில் வண்டியைப் போட்டுத் தூங்குவார் என்றார்கள். ஃபோன் சுவிட்ச் ஆஃப். என் ஸ்கூட்டரில் இரண்டு பேரும் கிளம்பினோம். ஓரகடம் கூட்ரோட்டில் புதுக் கார்களை ஏற்றிக்கொண்டு வந்த டிரெய்லர் ஒன்று திரும்ப முடியாமல் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. முன்னாலும் போக மாட்டேன் என்கிறது, பின்னாலும் போக மாட்டேன் என்கிறது. அரை மணி நேரம் வெயிலில் வெந்தோம். ஆர்டர், பேங்க், சர்ட்டிஃபிகேட் என்று மஞ்சுளா சுற்றிய சுற்றுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

"சே! என்னா ஊரு சார் இது?" என்று கத்திவிட்டேன்.

"உங்க ஊருதான்," என்றார் பின்னாலிருந்து. "எங்க ஊர்ல டிரெய்லரே கிடையாது."

நாகப்பனை எழுப்பும்போது மணி மூன்றே கால். கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"ஆமா சார், போன மாசம் பத்து நாளு நாலே கால் டிரிப்புல ஒம்போது சீட்டு காலி. இருங்காட்டுக்கோட்டை போற ஆளுங்கதான். அங்க ரூம் எடுத்து தங்கிகினு கீறாங்களே, அவுங்க. அப்பறம் எட்டு மணி டிரிப்புல ஏறுவாங்க. ஏறுனா சீட்டெல்லாம் நாசம்."

"எதுக்கு நாசம்?"

"தல, புருவம், காது எல்லாம் வெள்ள வெள்ளயா மாவு. மாவு மில்லுலேர்ந்து வந்தா மாதிரி. தட்டிட்டு ஏறுங்கடான்னு தெனம் கத்துவேன். கோதண்டம் அண்ணன்தான் சாரி கேட்டுகினு கடைசியா ஏறும். கையில எப்பவும் ஒரு சாக்குப் பை, காலி டப்பாங்க கடகடன்னு ஆடும்."

கோதண்டம் பெயிண்ட் பிரிவின் ஃபோர்மன். இருபத்தைந்து வருஷம் ஒரு கார் தொழிற்சாலையில் பெயிண்ட் லைனில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர். அவருடைய எட்டு ஆட்களும் அதே வழியில் வந்தவர்கள்தான். எட்டும் ஒன்றும் ஒன்பது. நான் கணக்கில் வீக் என்றாலும் இதைக்கூடவா போட மாட்டேன்?

"பவுடரு சார்! போதைப் பவுடர் கடத்தறாங்க!" என்றேன்.

வனமாமலை மீசையைத் தடவிக்கொண்டே ரோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "தாமரை, பழைய கார் வாங்கும்போது அது அடிபட்டு ரிப்பேர் ஆன வண்டியான்னு எப்படிப் பாப்ப?"

"கதவை விரலால தட்டிப் பாப்பேன். நல்ல வண்டின்னா கணீர்னு கேக்கும். பட்டி பாத்த வண்டின்னா சத்தம் செத்துப்போய்..."

சொல்ல வந்ததை முடிக்காமல் ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

நாங்கள் உள்ளே நுழையும்போது மணி நாலே கால். கோதண்டம் பஸ் படியில் காலை வைத்துவிட்டார். "அண்ணே, ஒரு அஞ்சு நிமிஷம்," என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். மனிதர் எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை; இளம்பரிதி மேல் பழி விழுந்ததை வழியில் நானே சொன்னேன். ஷெட்டில் மஞ்சுளா ஜன்னல் ஓரம் நின்றுகொண்டிருந்தார். இளம்பரிதியின் ராஜினாமாக் கடிதம் மேஜைமேல் இருந்தது.

"தட்டு," என்றார் வனமாமலை.

முதலில் பழைய மைனாவிடம் போனேன். விரல் கணுவால் தட்டினேன். கார்பன் ஃபைபர் உடம்பு, கணீரென்று கேட்டது. புது மைனாவிடம் வந்து அதே இடத்தில் தட்டினேன். சத்தம் செத்துக் கிடந்தது. இறக்கை அடியில், கதவு ஓரத்தில், மூக்குப் பக்கம், எங்கே தட்டினாலும் அதே செத்த சத்தம்.

"பட்டி," என்றேன். "ஒடம்பு பூரா பட்டி பாத்து கீறாங்க மேடம்."

மஞ்சுளாவுக்குப் புரியவில்லை. கண்ணைச் சிமிட்டினார். வனமாமலை விளக்கினார். "அடிபட்ட கார்ல பள்ளத்த அடைக்க ஒரு பசை பூசுவாவல்லா, அதாம்மா. பூசி, காய வச்சு, உப்புக்காகிதம் போட்டுத் தேய்ச்சா மேடு பள்ளம் எல்லாம் மறைஞ்சிரும். மேல பெயிண்ட் அடிச்சா யாருக்கும் தெரியாது. தேய்க்கும்போது பறக்குத தூசிதான் இவங்க தலையில. பழைய விமானத்துல என் மூஞ்சி நெளியுது. இதுல என் மீசை மயிரெல்லாம் ஒண்ணொண்ணா நேராத் தெரியுது. காலையிலேயே எனக்கு அது உறுத்திச்சு. ஒரே அச்சுல வார்த்த ரெண்டு உடம்பு, ஒண்ணு மட்டும் எப்படிக் கண்ணாடி ஆச்சு? ஒரு நூல் கனம்கூட வேண்டாம், உடம்பு பூராப் பூசினா நாப்பது கிலோ வந்துரும்."

"ஸ்டோர்லேர்ந்து பட்டி எதுவும் வெளியே போகலையே," என்றான் இளம்பரிதி. "போயிருந்தா என் நோட்டுல இருக்கும்."

"வெளிக் கடையில வாங்குனேன் சார்," என்றார் கோதண்டம். முதல் தடவையாக வாயைத் திறந்தார். "ஸ்ரீபெரும்புதூர்ல."

மஞ்சுளா அவர் எதிரில் போய் நின்றார். "யார் சொல்லி செஞ்சீங்க? எந்தக் கம்பெனி? எவ்வளவு நாளா எனக்குக் குழி வெட்டறீங்க? என் ஒன்பது வருஷம் கோதண்டம்! யார் சொன்னா, சொல்லுங்க!"

கோதண்டம் தலையைக் குனிந்துகொண்டார். "நீங்கதாம்மா."

"நானா?" என்றார் மஞ்சுளா.

"ஹைதராபாத்துலேர்ந்து ஒரு பெரியவரு வந்தாரே, ஞாபகம் கீதா? பழைய மைனாவ கையால தடவிப் பாத்துட்டு, 'மேடும் பள்ளமுமா கையில தட்டுது, ஏதோ பட்டறையில செஞ்சா மாதிரி கீது'ன்னு சொல்லிட்டுக் காருல ஏறிட்டாரு. அன்னிக்கு சாயந்தரம் நீங்க நாங்க பெயிண்ட் அடிக்கற ரூமுக்குள்ள வந்து கத்தினீங்க. 'பறக்கறதப் பத்தி ஒரு கேள்வி கேக்கல, தடவிப் பாத்துட்டுப் போயிட்டான். இதைக் கண்ணாடி மாதிரி ஆக்கறதுக்கு ஒரு ஆம்பள கூட இங்க இல்லையா'ன்னு கேட்டீங்க. அப்பறம் உள்ளப் போயி கதவ சாத்திகினீங்க. அழுதது வெளியில கேட்டுச்சும்மா."

மஞ்சுளா பழைய மைனாவைத் திரும்பிப் பார்த்தார்.

"நாங்க ஒம்போது பேரும் பேசிகினோம். நமக்குத் தெரிஞ்ச வேலையாச்சேன்னு. உங்களாண்ட கேட்டா, இளம்பரிதி சார் எடை கூடும்னு வேணாம்பாரு. மிஞ்சிப் போனா நாலு கிலோ வரும்னு நெனச்சோம். ஆளாளுக்கு ஒரு பக்கம் பூசுனோம், மொத்தமா எவ்ளோன்னு யாரும் கூட்டிப் பாக்கல. இருவத்தஞ்சு வருஷத்துல எத்தினி ஆயிரம் காரு பாத்திருப்பேன், ஒரு காரையும் தராசுல வச்சுப் பாத்ததில்லம்மா. பளபளன்னு கீதா, போன்னு அனுப்பிடுவோம்."

"மூணு நாளா எடை எடைன்னு இங்க அடிச்சிக்கறோமே, அப்பவாவது சொல்லக்கூடாதா?" என்றார் மஞ்சுளா.

"இன்ஜினுல ஏதோ கோளாறுன்னு நெனச்சேன். பூச்சு போயி இம்மாங் கனம் கனக்கும்னு சத்தியமாத் தெரியாது. அந்தத் தம்பி மேல பழி விழுந்துச்சுன்னு இந்தப் பொண்ணு வழியில சொல்லித்தான் தெரியும்."

எனக்கு யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. காலையிலிருந்து ஒரு திருடனைப் பிடித்து உலுக்கக் கை துருதுருவென்றிருந்தது. கடைசியில் பார்த்தால் திருடனே இல்லை. மஞ்சுளாவுக்காகச் செய்த வேலைக்குக் கூலி கேட்க மனம் வராமல்தான் ஓவர்டைம் எழுதவில்லை. எவனோ படியளந்திருந்தால் அவர்கள் சந்தேகம் வராமலிருக்க முதல் வேலையாக ரிஜிஸ்டரில் பெயர் எழுதியிருப்பார்கள்.

மஞ்சுளா மேஜையிலிருந்த கடிதத்தை எடுத்தார். "இளம்பரிதி, உன் நோட்டு சரி. நான்தான் தப்பு. புது விமானம் பளபளன்னு வந்தப்ப சந்தோஷப்பட்டேன். எப்படி வந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கல."

"அப்ப இதைக் கிழிச்சுடலாமா மேடம்?" என்றான். அவர் தலையாட்டினார். அவர் கையிலிருந்து வாங்கி நாலாகக் கிழித்தான்.

சரியாக ஐந்து மணிக்கு வசந்தகுமார் வந்தார். ஒல்லியான மனிதர், கையில் ஒரு ஃபைல். மைனாவைச் சுற்றி வந்தார், உள்ளங்கையால் தடவினார். "பிரமாதமான ஃபினிஷ் மேடம். வெளிநாட்டு ஜெட் தோத்துப் போகும். எடை?"

பொய் சொல்ல இன்னும் நேரம் இருந்தது. தராசு ரிப்பேர் என்று சொல்லலாம். பழைய கார் யார்டில் எங்கள் முதலாளி அதைத்தான் சொல்லியிருப்பார்.

"ஆயிரத்து எண்ணூத்துத் தொண்ணூத்தொண்ணு," என்றார் மஞ்சுளா.

வசந்தகுமார் ஃபைலை மூடினார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

"நீங்க தடவிப் பாத்தீங்களே, அதுதான் சார் அந்த எடை," என்றார் மஞ்சுளா. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். தான் கத்தியதையும் சொன்னார். இளம்பரிதி தன் நோட்டை நீட்டினான்.

வசந்தகுமார் அதை நின்றபடியே நாலு பக்கம் புரட்டினார். "புதுசா விமானம் கட்டறவங்க நெறைய பேரைப் பாத்துட்டேன். எல்லாருக்கும் எடை கூடும். அடுத்த மாடல்ல கொறைச்சிடறோம்னு எல்லாரும் சொல்வாங்க. கூடினது எங்க இருக்குன்னு ஒருத்தரும் இதுவரைக்கும் காட்டினதில்ல." கடிகாரத்தைப் பார்த்தார். "திங்கக்கிழமை காலைல பத்து மணிக்குள்ள அதை எடுத்துட்டு எடை போட்டுக் காட்டுங்க. ஒரு நிமிஷம் தள்ளினாலும் நான் ஃபோனை எடுக்க மாட்டேன்."

அவர் கார் வாசலைத் தாண்டியதும் கோதண்டம் உப்புக்காகிதக் கட்டைப் பிரித்தார். "எல்லாரும் கை வைக்காதீங்க. அழுத்தித் தேச்சா கார்பன் அறுந்துடும். எங்க நிறுத்தணும்னு எங்க கைக்குத்தான் தெரியும்." நாலே கால் பஸ்ஸில் போன எட்டு பேரும் ஃபோன் பண்ணியதும் ஷேர் ஆட்டோ பிடித்துத் திரும்பி வந்துவிட்டார்கள்.

ஆரம்பிப்பதற்கு முன்னால் கோதண்டம் ஒரு நிமிஷம் குனிந்து விமானத்தின் பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்த்தார். கூரையிலிருந்த ட்யூப்லைட்டுகள் அதில் வரிசையாகத் தெரிந்தன, மூக்கிலிருந்து வால் வரைக்கும் ஒரு நெளிவு இல்லாமல்.

"என் சர்வீஸ்ல இப்பிடி ஒண்ணு வந்ததில்லம்மா," என்றார். காகிதத்தை வைத்துத் தேய்த்தார். முதல் ட்யூப்லைட் அழிந்து போனது.

"கோதண்டம்," என்றார் மஞ்சுளா. "இந்தத் தடவை ஓ.டி. எழுதுங்க."

"எழுதறேம்மா."

திங்கட்கிழமை காலை மறுபடி கதவுகளை மூடினார்கள். பாதி வெள்ளை, பாதி சாம்பல் நிறமாக, சொறி பிடித்த மாதிரி நின்றது மைனா. வனமாமலை பாவம், சீப்பை எடுத்துவிட்டு எங்கே முகம் பார்ப்பது என்று தெரியாமல் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். இளம்பரிதி மூன்று தராசையும் கூட்டினான்.

"ஆயிரத்து எண்ணூத்து அறுபத்தெட்டு."

பொறுத்துக்கொள்கிற இருபது கிலோவில் இன்னும் இரண்டு கிலோ மிச்சம். வசந்தகுமார் உள்ளங்கையால் ஒரு தடவை தடவிப் பார்த்தார். "கையில தட்டுதே மேடம்."

"தட்டும் சார்," என்றார் மஞ்சுளா. "ஆனா டெல்லி வரைக்கும் இறங்காமப் போகும்."

வசந்தகுமார் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். பெயிண்ட் பிரிவில் யாரோ விசில் அடித்தார்கள், சரோஜா அக்கா தட்டு நிறையப் போண்டாவோடு ஓடிவந்தாள். நான் கோதண்டத்தைத் தேடினேன். கதவோரம், விமானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, புருவத்துத் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஜெயிச்சாச்சு! திரும்பிப் பாருங்க, எல்லாரும் உங்களத்தான் தேடறாங்க."

"நீ போம்மா," என்றார். "அத இப்பிடி என்னால பாக்க முடியல."